எண்பது மீட்டரின் எடை

ஏனாத்தூரில் நின்று சுற்றிப் பார்த்தால் மேடு என்று சொல்ல ஏரிக்கரையைத் தவிர வேறொன்றும் கண்ணில் படாது. வயல், பனை, கல்லூரிக் கட்டடங்கள், தொலைவில் காஞ்சிபுரத்துக் கோபுரங்கள், அவ்வளவுதான். காஞ்சி நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 83 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பக்கத்திலேயே இருக்கும் ஏனாத்தூருக்கும் எண்பது மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். இங்கிருந்து நேர் மேற்கே இருநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் போனால் பெங்களூரு வரும். அங்கே தரை 900 மீட்டருக்கு மேல். பாலாறு உற்பத்தியாவதும் அந்தப் பக்கம்தான், நந்திமலையில்.

ஏன் இங்கே எண்பது, அங்கே தொள்ளாயிரம்? பள்ளிக்கூடத்தில் இதற்குச் சொல்லித் தந்த பதில், ‘அது பீடபூமி, இது கடலோரச் சமவெளி’ என்பது. இந்தப் பதிலில் பெயர்தான் இருக்கிறது, காரணம் இல்லை. காரணத்தைத் தேடினால் கண்ணுக்குத் தெரியாத ஓரிடத்துக்கு, காலுக்குக் கீழே முப்பது, நாற்பது கிலோமீட்டர் ஆழத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. அந்தத் தேடலின் பழைய வேர் ஒன்று நம் பரங்கிமலையில் இருப்பதால், இதைத் தமிழில் சொல்வதில் எனக்குக் கொஞ்சம் உரிமை இருப்பதாகவே நினைக்கிறேன்.

நிலத்தின் ஏற்ற இறக்கத்தை இந்த ஊர்ப்பக்கத்து மக்கள் அறியாதவர்கள் இல்லை. காஞ்சியிலிருந்து கோவளம் கடற்கரை நேர்க்கோட்டில் அறுபது கிலோமீட்டர். எண்பது மீட்டரை அதில் பங்கு போட்டால் கிலோமீட்டருக்கு ஒன்றேகால் மீட்டர் சொச்சம்தான் சரிவு. கண்ணால் காண முடியாத இந்தச் சரிவை நம்பித்தான் இந்த வட்டாரத்து ஏரிகள் எல்லாம் வெட்டப்பட்டன. மேல் ஏரியின் கலங்கல் வழிந்தால் அடுத்த ஊர் ஏரிக்குத் தண்ணீர். சாண் அளவு தப்பினாலும் மதகு பயனில்லாமல் போகும். உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில், முதலாம் பராந்தகன் காலத்தில், குடவோலையில் ஆள் எடுப்பதற்கு விதி சொல்லும்போது ஏரி வாரியத்துக்கும் விதி சொல்கின்றன. ஊரின் உயரத்தைச் சாண் கணக்கில் தெரிந்து வைத்திருந்தவர்கள் உட்கார்ந்த சபை அது.

ஆனால் எண்பது மீட்டர் என்பது எதிலிருந்து எண்பது? இந்தியாவின் உயரக் கணக்குக்கு அடிப்படை, சென்னை, நாகப்பட்டினம் உள்பட ஒன்பது இடங்களில் கடல் ஏறி இறங்குவதை நெடுங்காலம் அளந்து எடுத்த சராசரி. அந்தக் கடலே சமமாக இல்லை. இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் புவியீர்ப்பு குறைவான ஒரு பெரும் பகுதி இருக்கிறது. உலகை வழவழப்பான நீள்கோளமாக வைத்துப் போட்ட கணக்கைவிட அங்கே கடல் மட்டம் 106 மீட்டர் தாழ்ந்து கிடக்கிறது. அந்தப் பள்ளத்தின் சரிவு தென்னிந்தியா முழுக்கப் பரவியிருக்கிறது. செயற்கைக்கோளைக் கொண்டு உயரத்தைக் காட்டும் கருவியை, திருத்தம் எதுவும் செய்யாமல், ஏனாத்தூரில் வைத்துப் பார்த்தால் எண்பது என்று காட்டாது, பூஜ்யத்தை ஒட்டித் தடுமாறும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த தேபஞ்சன் பால், அத்ரேயி கோஷ் இருவரும் 2023இல் வெளியிட்ட ஆய்வு, ஆப்பிரிக்காவின் அடியிலிருந்து கிளம்பிவந்த சூடான, இலேசான பொருள் ஆழத்தில் பரவியிருப்பதே இந்தப் பள்ளத்துக்குக் காரணம் என்று வாதிடுகிறது. ஆக, அளவுகோலின் பூஜ்யமே பூமிக்குள் இருக்கும் எடையைப் பொறுத்துத்தான் அமைகிறது. இதை இத்துடன் நிறுத்திக்கொண்டு நிலத்துக்கு வருகிறேன்.

1802ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் வில்லியம் லாம்டன் பரங்கிமலை அருகே சங்கிலி போட்டு ஓர் அடிக்கோடு அளந்தார். நீளம் ஏழரை மைல். இந்தியாவை முக்கோணங்களால் மூடிய அந்தப் பெரும் அளவைப் பணி அங்கேதான் தொடங்கியது. கருவியை உயரத்தில் ஏற்ற வேண்டும் என்பதற்காகத் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் அரை டன் தியோடலைட்டைக் கயிறு கட்டி இழுத்து, அது சிற்பங்களின்மேல் மோதிச் சேதமான கதையும் இதே பணியில் நடந்ததுதான். லாம்டன் 1823இல் இறந்தார். பணி ஜார்ஜ் எவரெஸ்டின் கைக்கு வந்து வடக்கே இமயமலை அடிவாரம்வரை நீண்டது.

வடக்கே போனபோது கணக்கு இடித்தது. மத்தியப்பிரதேசத்தில் இருக்கும் கல்யாண்பூருக்கும் உத்தரப்பிரதேசத்தில் இருக்கும் கலியானாவுக்கும் இடையே உள்ள அட்சரேகை வித்தியாசத்தை நட்சத்திரம் பார்த்தும் கண்டார்கள், சங்கிலியும் முக்கோணமும் வைத்தும் கண்டார்கள். இரண்டுக்கும் 5.236 கோண வினாடி வேறுபாடு வந்தது. தரையில் அது ஏறத்தாழ 160 மீட்டர். அறுநூறு கிலோமீட்டரில் 160 மீட்டர் தப்பினால் என்ன என்று விட்டுவிடக்கூடிய ஆட்கள் அவர்கள் இல்லை.

கல்கத்தாவில் ஆர்ச்டீக்கனாக இருந்த ஜான் ஹென்றி பிராட் கணிதம் படித்த பாதிரியார். இமயமலை தன் எடையால், கருவியை நேராக நிறுத்தும் தூக்குக்குண்டைத் தன் பக்கம் இழுத்திருக்கும், அதனால்தான் பிழை என்று ஊகித்து, மலையின் பருமனைக் கூட்டிப் பெருக்கி 1855இல் விடை சொன்னார்: இழுப்பு 15.885 வினாடி இருக்க வேண்டும். பிழைக்குக் காரணம் கிடைத்துவிட்டது, ஆனால் மூன்று மடங்கு அதிகமாகக் கிடைத்துவிட்டது. கண்ணெதிரே நிற்கும் மலை, தன் உருவத்துக்கு உரிய எடையில் மூன்றில் ஒரு பங்குதான் இருப்பதைப்போல நடந்துகொண்டது.

இங்கிலாந்தின் அரச வானியலாளர் ஜார்ஜ் ஏரி அதே ஆண்டு பதில் எழுதினார். (நம் ஏரிக்கும் அவருக்கும் சம்பந்தம் இல்லை.) தண்ணீரில் மிதக்கும் மரக்கட்டைகளை அவர் உவமை காட்டினார். ஒரு கட்டை மற்றவற்றைவிட மேலே தலைகாட்டினால் அது கீழேயும் ஆழமாக அமிழ்ந்திருக்கிறது என்று பொருள். மலைக்கு வேர் உண்டு. அந்த வேர் கனமான அடிப்பொருளை விலக்கிக்கொண்டு இறங்கியிருப்பதால் மொத்த இழுப்பு குறைகிறது. பிராட் இதை ஏற்கவில்லை. 1859இல் அவர் வேறொரு விளக்கம் கொடுத்தார். எல்லா இடத்திலும் அடித்தளம் ஒரே ஆழம்தான். உயர்ந்து நிற்கும் இடத்தில் கல் இலேசு, தாழ்ந்த இடத்தில் கல் கனம். ஒரே அளவு அரைத்த இட்லி மாவை இரண்டு ஏனத்தில் ஊற்றிவைத்து, ஒன்று நன்றாகப் புளித்துப் பொங்கி மற்றொன்று பொங்காமல் இருந்தால் எப்படி இருக்கும்? எடை ஒன்றுதான், உயரம் வேறு. பிராட் சொன்னது அதைத்தான்.

ஏரிக்குத் தடிமன், பிராட்டுக்கு அடர்த்தி. இந்த இருவரின் கருத்துகளும் பின்னாளில் ‘ஐசோஸ்டசி’, அதாவது புவிச் சமநிலை என்ற பெயரில் பாடப்புத்தகத்துக்குள் போய்ச் சேர்ந்தன. இமயமலையைப் பொறுத்தவரை ஏரி ஜெயித்தார். திபெத்தின் அடியில் மேலோடு எழுபது கிலோமீட்டர் தடிமன் என்று நில அதிர்வு அலைகள் காட்டிவிட்டன. கண்டங்களில் சராசரி 35 முதல் 40 கிலோமீட்டர்தான். பாடப்புத்தகங்கள் அத்துடன் பிராட்டைச் சரித்திரத்துக்கு அனுப்பிவிட்டு ஏரியின் படத்தைப் பெரிதாகப் போடுகின்றன. இது தென்னிந்தியாவுக்குச் செய்யும் அநியாயம் என்பது என் கட்சி.

கணக்கைப் பார்த்துவிடலாம், கடினமில்லை. மேலோட்டுப் பாறையின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 2.8 கிராம், அதன் அடியிலுள்ள கவசத்தின் அடர்த்தி 3.3 கிராம் என்று வைத்துக்கொள்வோம். இளகாத பாறைதான் என்றாலும் கோடிக்கணக்கான ஆண்டுகளில் கவசம் குழம்புபோல வழிவிடும். மேலோடு அதில் மிதக்கும். மேலோட்டைப் பத்து கிலோமீட்டர் தடிப்பாக்கினால் அதில் எட்டரை கிலோமீட்டர் கீழே அமிழும், ஒன்றரை கிலோமீட்டர் மேலே தெரியும். தடிமனை மாற்றாமல் அடர்த்தியை மட்டும் மாற்றினால்? முப்பத்தைந்து கிலோமீட்டர் மேலோட்டில் அடர்த்தி 0.02 குறைந்தால் தரை இருநூறு மீட்டர் உயரும். இரண்டாம் தசம இடத்தில் ஒரு சின்ன மாற்றம், மேலே ஒரு குன்றின் உயரம்.

இதை நானே ஒருமுறை சோதித்துப் பார்த்தேன். ஏனாத்தூர்ப் பக்கம் வீடு கட்டக் கொட்டியிருந்த முக்கால் ஜல்லிக் குவியலிலிருந்து ஒரு பை அள்ளிவந்து, கழுவிக் காயவைத்து, சமையல்கட்டுத் தராசில் நிறுத்தேன். 820 கிராம். அளவு ஜாடியில் தண்ணீர் விட்டு ஜல்லியைப் போட்டபோது தண்ணீர் 300 மில்லி ஏறியது. வகுத்தால் 2.73. பெருமையாகத்தான் இருந்தது. அப்புறம் ஜாடியின் கோட்டைக் குனிந்து பார்த்தால் 302 மாதிரியும் தெரிந்தது. 302 என்றால் அடர்த்தி 2.715. என் கண் இரண்டு மில்லி தவறினால் கணக்கில் ஊர் இருநூறு மீட்டர் எழும்பிவிடுகிறது. புவி இயற்பியலாளர்களின் தலைவலி என்னவென்று அன்றைக்கு எனக்குப் புரிந்தது. அவர்கள் கையில் ஜல்லிகூடக் கிடையாது, முப்பது கிலோமீட்டர் ஆழத்தில் இருப்பதை அலை ஓடும் வேகத்தை வைத்து எடைபோட வேண்டும்.

ஆனால் நம் வட்டாரத்தில் அந்த ஆழத்துக் கல் கையில் கிடைக்கிறது என்பதுதான் விஷயம். உத்திரமேரூர் பக்கம் கல்குவாரிகளில் உடைபட்டு, கிரஷரில் அரைபட்டு, ஜல்லியும் எம்-சாண்டுமாக லாரி ஏறுகிற கருங்கல்லில் பெரும்பங்கு சார்னோக்கைட். புதிதாக உடைத்த முகம் பச்சை கலந்த கருநீலத்தில் எண்ணெய் பூசியதுபோல மின்னும். பல்லாவரம், பரங்கிமலைக் கற்களும் இதே இனம்தான். 1893இல் புவியியலாளர் தாமஸ் ஹாலந்து இதற்குப் பெயர் வைத்தபோது, கல்கத்தா செயின்ட் ஜான்ஸ் தேவாலய வளாகத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறையில் இதே கல் பதித்திருப்பதைப் பார்த்து அவர் பெயரையே வைத்தார். கல் இங்கே, பெயர் அங்கே. பிராட் ஆர்ச்டீக்கனாக இருந்ததும் அதே கல்கத்தாதான். அடர்த்திதான் உயரத்தைத் தீர்மானிக்கிறது என்று எழுதிய மனிதர், தன் வாதத்துக்கு ஒரு நல்ல சாட்சியாக இருந்திருக்கக்கூடிய கல்லைப் பலமுறை கடந்து நடந்திருப்பார் என்று நினைத்தால் சிரிப்பு வருகிறது.

சார்னோக்கைட் மேலோட்டின் அடிவயிற்றில் பிறக்கும் கல். அதிலுள்ள ஹைபர்ஸ்தீன் என்ற கனிமம் கடும் வெப்பத்திலும், ஈரமே இல்லாத வறட்சியிலும்தான் நிலைக்கும். சென்னை வட்டாரத்துப் பாறைகள் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன் 25 கிலோமீட்டர் அளவு ஆழத்தில் வெந்தவை. இன்றைக்கு அவை தரையில் கிடக்கின்றன என்றால் மேலே இருந்த 25 கிலோமீட்டர் எங்கே போனது? மழையும் ஆறும் கொண்டுபோயின. இங்கே மிதப்புக் கணக்கு இன்னொரு வேலை செய்கிறது. ஒரு கிலோமீட்டர் தேய்ந்தால் தரை ஒரு கிலோமீட்டர் தாழாது. பாரம் இறங்கிய படகுபோல அடியிலிருந்து 850 மீட்டர் எழும்பிவிடும், தாழ்வது 150 மீட்டர்தான். அந்த விகிதத்தில் 25 கிலோமீட்டர் தேய்ந்ததற்கு நிகர இறக்கம் நாலாயிரம் மீட்டருக்குச் சற்றுக் குறைவு. இப்போதைய மேலோட்டோடு தேய்ந்துபோனதையும் சேர்த்தால் அறுபது கிலோமீட்டரைத் தாண்டுகிறது. திபெத்துக்குச் சற்றே இளைய தம்பி. ஏனாத்தூர் ஏரிக்கரையில் நிற்பவர் நிற்பது, இப்படிப் பார்த்தால், ஒரு பழைய மலையின் அடிவாரத்தில் அல்ல, அதன் வேரில்.

இனி அந்த எண்பதுக்கும் தொள்ளாயிரத்துக்கும் வருவோம். 820 மீட்டருக்கு மேற்பட்ட வித்தியாசத்தை ஏரியின் வழியில் விளக்க வேண்டுமானால் பெங்களூருவின் அடியில் மேலோடு ஐந்தரை கிலோமீட்டர் கூடுதல் தடிமனாக இருக்க வேண்டும். ஐதராபாத்தில் உள்ள தேசிய புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனம் இதற்கான அளவீடுகளை நெடுங்காலமாகச் செய்துவருகிறது. 1970களில் ஆந்திரக் கரையிலுள்ள காவலியிலிருந்து கர்நாடகக் கரையிலுள்ள உடுப்பிவரை 600 கிலோமீட்டர் நீளத்துக்கு, வெடிவைத்து அதிர்வலை எழுப்பி மேலோட்டின் அடியைத் தேடினார்கள். இந்தியாவில் அந்த வகையில் அதுவே முதல் முயற்சி. பிறகு தொலைதூர நிலநடுக்கங்களின் அலைகளை வைத்து, சந்தீப் குப்தா, எஸ்.எஸ். ராய் முதலியோர் 2003இல் வெளியிட்ட ஆய்வு தென்னிந்தியாவை மூன்றாகப் பிரித்தது. பெங்களூரு அடங்கிய கிழக்குத் தார்வார் பகுதியில் தடிமன் 34 முதல் 39 கிலோமீட்டர். மேற்குத் தார்வாரில் 43 முதல் 52. தெற்கே, சார்னோக்கைட் போன்ற ஆழத்துக் கற்கள் நிறைந்த கிரானுலைட் பகுதியில் அதற்கும் மேல், சில இடங்களில் அறுபதைத் தொட்டது.

பெங்களூருவின் அடியில் 35 என்றால், ஏரியின் கணக்குப்படி காஞ்சியின் அடியில் முப்பதுக்கும் கீழே இருக்க வேண்டும். கிழக்குக் கரையை ஒட்டி அவ்வளவு மெலிந்த மேலோட்டை அளவீடுகள் காட்டவில்லை. மேற்குத் தார்வாரில் ஏரிக்கு இன்னும் பெரிய தோல்வி. சிவமொக்கா, சிக்கமகளூரு பக்கம் மேலோடு பதினைந்து கிலோமீட்டர் கூடுதல் தடிமன் என்றால் அந்தப் பீடபூமி பெங்களூருவைவிட இரண்டேகால் கிலோமீட்டர் உயர்ந்து நிற்க வேண்டும். மலைகளை விட்டுவிட்டுப் பீடபூமித் தரையை மட்டும் பார்த்தால் பெங்களூருவைவிட அவ்வளவு உயரம் இல்லை. அங்கே மேலோட்டின் சராசரி அடர்த்தி 2.95க்குப் பக்கத்தில் இருந்தால்தான் கணக்கு நேராகும். அதாவது அடியில் கனத்த, இரும்பும் மக்னீசியமும் மிகுந்த பாறை தட்டாகப் படிந்திருக்க வேண்டும். அதிர்வலைகள் அங்கே வேகமாக ஓடுவதும் அதையே சொல்கிறது.

பிராட்டின் வழியில் போனால், காஞ்சிக்கும் பெங்களூருக்கும் இடையே 0.08 அடர்த்தி வித்தியாசம் போதும். பெங்களூரு நிற்பது கிரானைட்டும் நைஸும் கலந்த இலேசான தளத்தின்மேல். மேற்கே ராமநகரத்துக் குன்றுகள் முழுக்கக் கிரானைட், 2.65 அளவு. நம் பக்கத்துச் சார்னோக்கைட்டில் இலேசான வகையும் உண்டு, மூன்றைத் தாண்டும் கருத்த வகையும் உண்டு. சராசரியில் நமது கனம். புவியீர்ப்பு வரைபடமும் துணைக்கு வருகிறது. உள்நாட்டுப் பீடபூமியில் ஈர்ப்பு குறைவாகவும், கிழக்குக் கரையை நோக்கி வரவர ஏற்றமாகவும் பதிவாகிறது. 0.08 முழுவதும் கல்லின் குணம்தான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் இமயத்துக்கு ஏரி எப்படியோ, அப்படித் தமிழ்நாட்டுச் சமவெளிக்கும் மைசூர்ப் பீடபூமிக்கும் இடைப்பட்ட வழக்கில் பிராட்டின் பக்கம் வலுவாக இருக்கிறது.

கல்லின் இனம் போக, வெப்பமும் அடர்த்தியை மாற்றும். சூடானால் விரியும், விரிந்தால் மிதக்கும். கடலடியில் இதைத் தெளிவாகக் காணலாம். நடுக்கடல் மலைத்தொடரில் புதிதாக உருவாகும் தரை இரண்டரை கிலோமீட்டர் ஆழத்தில் இருக்கும். நகர்ந்து நகர்ந்து குளிர்ந்தபின் அதே தரை ஐந்தரை கிலோமீட்டருக்கும் கீழே போய்விடும். கண்டங்களில் கல் பலவிதம் என்பதால் வெப்பத்தின் பங்கைப் பிரித்தெடுப்பது கடினமாக இருந்தது. யூட்டா பல்கலைக்கழகத்தின் டெரிக் ஹாஸ்டரக், டேவிட் சாப்மன் இருவரும் 2007இல், முதலில் மேலோட்டின் தடிமனையும் கல்லின் வகையையும் கழித்துவிட்டு, மீந்ததை வெப்பத்தின் கணக்கில் வைத்தார்கள். அடியில் வெப்பம் குறைந்து கண்டங்களின் மிகப் பழைய பாறைத்தளங்களான கேடயப் பகுதிகளைப்போல ஆறிவிட்டால், ஒரு மைல் உயரத்து நகரம் என்று பெயர் வாங்கிய டென்வர் கடலுக்கு 727 அடி கீழே போய்விடும் என்று விடை வந்தது.

அதே டென்வரை ஒட்டிய சமவெளிக்கு 2015இல் கொலராடோ பல்கலைக்கழகத்தின் கிரெய்க் ஜோன்ஸ் குழு வேறு காரணம் சொன்னது: தண்ணீர். அடியில் செருகிப்போன பழைய கடலடித் தட்டிலிருந்து கசிந்த நீர் மேலோட்டின் அடிப்பகுதியில் புகுந்து, கார்னெட் போன்ற கனத்த கனிமங்களை நீர் கலந்த இலேசான கனிமங்களாக மாற்றிவிட்டது, அதனால் நிலம் மெல்ல உப்பியது என்பது அவர்கள் வாதம். அங்கேயும் மேற்கே உயர்ந்து கிழக்கே சரியும் நிலம்தான், நம்முடையதைப்போல. இந்த வாதத்தைப் படித்தபோது எனக்கு ஜல்லிக் குவியல் நினைவுக்கு வந்தது. நம் மேலோட்டின் அடிக்கல் ஈரம் காணாதது. ஈரம் புகுந்தால் ஹைபர்ஸ்தீன் நிலைக்காது என்பதால், சார்னோக்கைட் இன்னும் சார்னோக்கைட்டாக இருப்பதே அதற்குச் சாட்சி. வெப்பத்துக்கும் இங்கே பெரிய வேலை இல்லை. தென்னிந்தியாவின் பழைய பாறைத்தளத்தில் தரை வழியே வெளியேறும் வெப்பம் மிகக் குறைவு. இரண்டு வகையிலும் உப்பாமல் கிடக்கும் மாவு நம்முடையது.

மிதப்பு எல்லாவற்றையும் விளக்கிவிடாது. ஏனாத்தூரிலிருந்து தென்கிழக்கே பாலாற்றங்கரையில் பழையசீவரம் குன்று இருக்கிறது. மாட்டுப் பொங்கலன்று காஞ்சி வரதர் பார்வேட்டைக்கு எழுந்தருளும் இடம். அந்தக் குன்றுக்கு அடியில் வேர் உண்டா? கிடையாது. மேலோடு தண்ணீரில் கிடக்கும் தனித்தனிக் கட்டை அல்ல, விறைப்பான பலகை. சில கிலோமீட்டர் அகலமுள்ள குன்றைப் பலகையே தாங்கிவிடும். வந்தவாசி மலைக்கும் அப்படித்தான். நூறு, இருநூறு கிலோமீட்டர் அகலத்துக்குப் பாரம் ஏறினால்தான் பலகை வளையும். இமயத்தின் பாரத்தில் இந்தியப் பலகை வளைந்த பள்ளத்தில்தான் கங்கைச் சமவெளியின் வண்டல் நிரம்பியது. பாரம் போனால் நிமிரும் என்பதற்குச் சுவீடன் சாட்சி. பனிப்பாளம் உருகிப் பத்தாயிரம் ஆண்டு ஆகியும் போத்னியா வளைகுடா ஓரம் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒன்பது மில்லிமீட்டர் இன்னும் எழும்பிக்கொண்டிருக்கிறது.

ஏனாத்தூர்ப் பக்கத்துப் பலகையில் ஒரு விரிசலும் உண்டு. ஏறத்தாழ 13 கோடி ஆண்டுகளுக்கு முன் அண்டார்க்டிகா நம் கிழக்குக் கரையிலிருந்து பிரிந்தது. பிரியும்போது கரையோர மேலோடு இழுபட்டு, துண்டு துண்டாகச் சரிந்து, பள்ளங்கள் விழுந்தன. தெற்கே காவிரிப் படுகை, இங்கே பாலாற்றுப் படுகை. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் தோண்டினால் வரும் களிப்பாறை அந்தப் பள்ளத்தில் படிந்த வண்டல்தான். பெரணி வகையறாச் செடிகளின் பதிவும் கடல்வாழ் அம்மோனைட்டுகளும் அதில் சேர்ந்தே கிடைக்கின்றன. காடும் கடலும் கைகோத்த கரை ஒன்று அப்போது இங்கே இருந்திருக்கிறது. 1863இல் பல்லாவரத்தில் கற்கோடரியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட் இந்தப் படிவுகளையும் நடந்து நடந்து வரைபடமாக்கியவர். அவருடைய நூலின் வரைபடத்தில் பாறைத் திட்டுகளும் படிவுகளும் மாறி மாறி வருவது, சரிந்த துண்டுகளும் சரியாத துண்டுகளும்தான் என்று இப்போது புரிகிறது.

மேற்கே பீடபூமி எப்போது எழுந்தது என்பதில் சச்சரவு ஓயவில்லை. பி.பி. ராதாகிருஷ்ணா 1993இல், தீபகற்பத்தின் எழுச்சி அண்மைக் காலத்தது, கடந்த சில கோடி ஆண்டுகளில் நடந்தது என்று எழுதினார். ஆறுகள் பள்ளத்தாக்குகளைப் புதிதாக அறுப்பதும் அருவிகள் நிலைத்திருப்பதும் அவருடைய ஆதாரம். யானி கனெல், லூஸ் ஃப்ளைத்தூ இருவரும் 1998இல், தனியாக எழுச்சி ஒன்று தேவையில்லை, மேற்குக் கரை பிளந்தபின் ஓரத்தை மழை அறுத்தெடுக்க, பாரம் இறங்கிய விளிம்பு தானே நிமிர்ந்தது என்று மாதிரி போட்டுக் காட்டினார்கள். கே.ஆர். சுப்ரமண்யா 1996இல் மூன்றாவது ஒன்றைச் சொன்னார். மங்களூருக்கு வடக்கே உள்ள மூல்கியிலிருந்து பழவேற்காடுவரை, 13 டிகிரி அட்சரேகையை ஒட்டி, இமயத்தின் நெருக்குதலால் நிலம் கூரைமுகடுபோல மெல்ல வளைகிறது. நந்திமலைப் பக்கத்தில் பிறக்கும் பெண்ணாறு முகட்டுக்கு வடக்கே ஓடுவதும், பாலாறும் தென்பெண்ணையும் தெற்கே திரும்புவதும் அதனால்தான். காஞ்சி அந்த முகட்டுக் கோட்டுக்குச் சற்றே தெற்கே இருக்கிறது. மூன்றில் எனக்குப் பிடித்தது இரண்டாவது. குறைவாகக் கேட்டு நிறைய விளக்குகிறது. ஆனால் ஆறு திரும்பும் விதத்தைப் பார்க்கும்போது சுப்ரமண்யாவை ஒதுக்கவும் மனம் வரவில்லை.

பழையசீவரத்துக்கு எதிர்க்கரையில் திருமுக்கூடல். பாலாறும் செய்யாறும் வேகவதியும் சேரும் இடம். கோடையில் போனால் ஆறு என்பது மணல்தான், அதுவும் அள்ளியது போக மீதம். கையில் எடுத்துத் தேய்த்தால் குவார்ட்சும் ஃபெல்ட்ஸ்பாரும், மேற்கே பீடபூமி ஓரத்திலிருந்தும் சவ்வாது மலையிலிருந்தும் உதிர்ந்த இலேசான கனிமங்கள். இந்த மணல் புறப்பட்ட இடத்தில் பாரம் குறைகிறது, பலகை அங்கே நூல் அளவு நிமிர்கிறது. சதுரங்கப்பட்டினத்துக்குப் பக்கத்தில் வயலூர் முகத்துவாரத்தைத் தாண்டிக் கடலடியில் இது படியும் இடத்தில் பாரம் ஏறுகிறது, பலகை அங்கே அமிழ்கிறது. நிமிர்கிற முனைக்கும் அமிழ்கிற முனைக்கும் நடுவே, கதவுக்குக் கீல் போடுகிற இடத்தில், ஏனாத்தூர் எண்பது மீட்டரில் இருக்கிறது.